மருது பாண்டியர் ஒட்டிய காகிதம்

1801-ம் ஆண்டு. ஜூன் மாதம் 16-ந் தேதி.

திருச்சிக் கோட்டைக்குள் ஆற்காட்டு நவாபின் அரண்மனை இருந்தது. அதன் வாசலில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டு இருந்தது. ஸ்ரீரங்கம் கோவில் மதில் சுவரிலும் ஒரு காகிதம் ஒட்டப்பட்டு இருந்தது.

இதைப் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் கவனமாகப் படிக்க வேண்டும். படித்தவர் ஒரு நகல் எழுதிக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். சுவரில் இருந்து கிழித்தவனுக்குப் பஞ்சமா பாதகம் செய்த பாவம் வந்து சேரும். காகிதம் இப்படிக் கட்டளை இட்டது.

எழுத்துத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒருவர், "படி, எழுது, சொல்லு" என்று ஊருக்கே உத்தரவு போட்டார். அவர்தான் சிவகங்கைச் சீமையின் சின்ன மருது.

அந்தக் காகிதத்துக்கு இன்று "ஜம்பூத்தீவுப் பிரகடனம்" என்று பெயர். "இதுவே இந்தியாவின் முதல் சுதந்திர முழக்கம்" என்று போற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். "பதவி பறிபோகிறதே என்று ஒரு பாளையக்காரர் போட்ட கூச்சல்" என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

எது சரி?

ஆள்கிறவர் எழுதிய காகிதத்தை எப்படிப் படிப்பது? எப்படி எடை போடுவது? இந்தக் காகிதத்தை வைத்தே பார்ப்போம். அதற்கு நாம் திருச்சிக்குப் போக வேண்டியது இல்லை. தாமிரபரணிக் கரையில் இருந்தே தொடங்கலாம். ஏன் என்றால், அந்தக் காகிதத்துக்குக் காரணமான நெருப்பு பற்றியது நம் பாளையங்கோட்டையில்!

ஒட்டியவர் யார்?

பெரிய மருது, சின்ன மருது இருவரும் அண்ணன் தம்பிகள். இவர்கள் பிறப்பால் அரசர்கள் அல்லர். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் வேலை பார்த்தவர்கள்.

1772-ம் ஆண்டு ஆற்காட்டு நவாபின் படையும், கிழக்கிந்தியக் கம்பெனியின் படையும் சேர்ந்து காளையார்கோவிலைத் தாக்கின. முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். ராணி வேலு நாச்சியார் விருப்பாட்சிப் பக்கம் சென்று அடைக்கலம் புகுந்தார். மருது சகோதரர்கள் ராணிக்குத் துணையாக நின்றார்கள். ஐதர் அலியும் உதவி செய்தார். 1780-ல் சிவகங்கை திரும்பக் கிடைத்தது.

ராணி அரசி ஆனார். மருதுகள் மந்திரிகள் ஆனார்கள். நாளடைவில் ஆட்சி முழுவதும் மருதுகள் கைக்கு வந்தது.

இங்குதான் சண்டை. "மருதுகள் முறையான அரசர்கள் அல்லர். வேலைக்காரர்கள் எஜமான் சொத்தைப் பிடித்துக்கொண்டார்கள்" என்று கம்பெனியார் சொன்னார்கள். சிவகங்கையிலேயே அப்படிச் சொன்னவர்கள் உண்டு.

ஆனால் அதே கம்பெனியின் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வேறு மாதிரி எழுதினார். அவர் பெயர் வெல்ஷ். போருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவர் சின்ன மருதுவுடன் பழகியவர். ஈட்டி எறியவும், வளரி வீசவும் தனக்குக் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று தன் புத்தகத்தில் நன்றியுடன் எழுதி இருக்கிறார். ஒருவரைப் பற்றி எதிரி நல்லதாகச் சொன்னால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டைச் சிறை

இனி நெல்லைச் சீமைக்கு வருவோம்.

1799 அக்டோபர் 16. கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண் எதிரிலேயே போட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையையும், உறவினர்களையும் பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் அடைத்தார்கள்.

ஓர் ஆண்டுக்கு மேல் அவர்கள் சிறையில் கிடந்தார்கள். அங்கே அம்மை வந்தது. அதனால் விலங்கைக் கழற்றி வைத்து இருந்தார்கள்.

1801 பிப்ரவரி 2-ந் தேதி. பாளையங்கோட்டை வெள்ளை அதிகாரிகள் எல்லோரும் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். வெல்ஷும் அந்த விருந்தில் இருந்தார். அந்த நேரத்தில் ஊமைத்துரையும் கூட்டாளிகளும் காவலை உடைத்துக்கொண்டு தப்பினார்கள்!

அவர்களைத் தேடிப் படை போயிற்று. பாஞ்சாலங்குறிச்சியை அடைந்த படை திகைத்து நின்றது. இடித்துத் தரைமட்டம் ஆக்கிய கோட்டை மறுபடியும் எழும்பி நின்றது. ஆறே நாளில் கட்டி முடித்து இருந்தார்கள். படை திரும்பிப் போயிற்று. மார்ச் மாதம் மறுபடி வந்து தாக்கியது. பலரைப் பலி கொடுத்துவிட்டுப் பின்வாங்கியது. கடைசியில் கர்னல் அக்னியூ வந்து சேர்ந்தார். பீரங்கிகள் வந்தன. மே 24-ந் தேதி கோட்டை விழுந்தது.

ஊமைத்துரை காயம் பட்டுப் பிணங்களுக்கு நடுவே கிடந்தார். தன் மகனைத் தேடி வந்த ஒரு கிராமத்துத் தாய் அவரைக் கண்டாள். துணியால் மூடித் தூக்கிப் போனாள். வழியில் எட்டயபுரத்து ஆட்கள் மறித்தார்கள். "அம்மையில் செத்த பிள்ளை" என்றாள் அவள். அவர்கள் பயந்து விலகினார்கள். ஊமைத்துரை பிழைத்தார். இந்தக் கதையையும் நமக்குச் சொன்னவர் வெல்ஷ்தான்.

பிழைத்த ஊமைத்துரை வடக்கே சென்றார். சின்ன மருது அவரை வரவேற்றுத் தம் சிறுவயல் அரண்மனைக்கு அழைத்துப் போனார்.

"அவரை எங்களிடம் ஒப்படை" என்றது கம்பெனி.

ஒப்படைத்து இருந்தால் சிவகங்கைக்கு நெருக்கடி நீங்கி இருக்கலாம். சின்ன மருது ஒப்படைக்கவில்லை. அடைக்கலம் என்று வந்தவரைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. போர் மூண்டது.

பாஞ்சாலங்குறிச்சி விழுந்து 23-வது நாள்தான் திருச்சியில் அந்தக் காகிதம் ஒட்டப்பட்டது.

காகிதத்தில் என்ன இருந்தது?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பிரகடனம் கம்பெனியாரின் தஸ்தாவேஜுகளில், இங்கிலீஷ் மொழிபெயர்ப்பாகவே நமக்குக் கிடைக்கிறது. எதிரியின் பெட்டியில் பத்திரமாக இருந்த காகிதம் அது! வரலாற்றுப் பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-ல் வெளியிட்ட புத்தகத்தால் அது பலருக்கும் தெரிய வந்தது. ஆகவே, இன்று தமிழில் நாம் படிப்பது மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டு சண்டை போடக் கூடாது. கருத்தைத்தான் பார்க்க வேண்டும்.

யாருக்கு எழுதியது? ஜம்பூத்தீவில் வாழும் எல்லோருக்கும். பூசையில் சங்கல்பம் சொல்லும்போது ஜம்பூத்தீவு என்ற பெயர் வரும், கேட்டிருப்பீர்கள். நாவலந்தீவு என்பதும் அதுதான். பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்கள் என்று எல்லோரையும் காகிதம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. சிவகங்கைச் சீமைக்கு மட்டும் எழுதவில்லை.

என்ன குற்றச்சாட்டு? நவாபு முகமது அலி புத்தி இல்லாமல் ஐரோப்பியருக்கு இடம் கொடுத்தார். வந்தவர்கள் வஞ்சனை செய்து நாட்டையே எடுத்துக்கொண்டார்கள். மக்களை நாயாக மதிக்கிறார்கள். அவர்கள் ஆளும் இடத்தில் மக்கள் ஏழை ஆகிவிட்டார்கள். சோற்றுக்குப் பதில் தண்ணீரே உணவாகிவிட்டது.

பழி யார் மேல்? வெள்ளையர் மேல் மட்டும் அல்ல. உங்களுக்குள் ஒற்றுமை இல்லை, ஒருவரை ஒருவர் பழித்துப் பேசி நாட்டைக் கொடுத்துவிட்டீர்கள் என்று நம் ஆட்களையும் காகிதம் இடித்துரைக்கிறது.

என்ன வழி? எல்லோரும் ஒன்று சேர வேண்டும். கம்பெனிப் படையில் சுபேதார், அவில்தார், நாயக், சிப்பாய் என்று வேலை பார்க்கும் நம் ஆட்கள் திரும்பி நின்று வெள்ளையரைத் தாக்க வேண்டும்.

வெற்றி பெற்றால்? அவரவர் முன்னோர் சொத்து அவரவருக்கு. ஆற்காடு நவாபுக்கு. மற்ற நாடுகள் பழைய அரச குலங்களுக்கு. ஐரோப்பியர் நவாபை அண்டி, அவர் கொடுப்பதை வாங்கிப் பிழைக்கலாம்.

கையெழுத்து எப்படி? தம்மை அரசர் என்று மருது போட்டுக்கொள்ளவில்லை. அரசர்களின் ஊழியன், ஐரோப்பியரின் தீராப் பகைவன் என்றே போட்டுக்கொண்டார்.

தட்டில் வைக்க வேண்டிய நிறை

இந்தக் காகிதத்தில் மெச்ச வேண்டியது எது?

முதலாவது, நவாபு சங்கதி. 1772-ல் சின்ன மருதுவின் எஜமானரைக் கொன்றது யார்? நவாபும் கம்பெனியும் சேர்ந்து! அந்த நவாபு குடும்பத்துக்கே ஆற்காடு திரும்பப் போகட்டும் என்கிறார் மருது. பெரிய பகையை எதிர்க்கச் சின்னப் பகையை மறந்தார். பங்காளிச் சண்டையை மறக்க முடியாமல் கோர்ட்டுக்கு அலைகிறவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று.

அவர் பயந்ததும் நடந்தது. காகிதம் ஒட்டிய 45-வது நாள், அதாவது 1801 ஜூலை 31-ந் தேதி, கர்நாடக நாட்டின் ஆட்சி முழுவதையும் கம்பெனி எழுதி வாங்கிக்கொண்டது. நவாபுக்குப் பட்டமும் படிப்பணமும் மட்டும் மிஞ்சின. காகிதம் ஒட்டிய வாசல் இருந்தது. வாசலுக்கு உள்ளே இருந்த அதிகாரம் போய்விட்டது.

இரண்டாவது, சிப்பாய்களைக் கூப்பிட்டது. வெள்ளையர் கையில் இருந்த துப்பாக்கியைப் பிடித்திருந்தவன் நம் ஆள்தான் என்பதை மருது கண்டுகொண்டார். ஐந்து ஆண்டு கழித்து, 1806 ஜூலையில், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். இந்தக் காகிதத்தைப் படித்துத்தான் எழுந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வெள்ளை ஆட்சியின் பலவீனம் எங்கே இருக்கிறது என்று மருது சரியாகவே கைவைத்துக் காட்டினார்.

மூன்றாவது, ஊரோடு சேர்த்து எல்லோரையும் அழைத்தது. ராஜாவுக்கு ராஜா ரகசிய ஓலை அனுப்புவது பழைய வழக்கம். தெருவில் போகிறவன் படிக்கும்படி சுவரில் ஒட்டியது புதிது.

தட்டில் வைக்க வேண்டிய குறை

குறையையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒற்றுமை இல்லை என்று ஊரைக் கண்டித்தார் மருது. ஆனால் 1794-ல் பக்கத்து ராமநாதபுரம் சேதுபதியுடன் சண்டை போட்டவர் அவர்தான். அடுத்த ஆண்டே கம்பெனி நுழைந்து சேதுபதியைப் பதவியில் இருந்து இறக்கியது. "ஒருவருக்கு ஒருவர் சண்டை போட்டு நாட்டை விட்டோம்" என்று காகிதம் சொல்கிறதே, அந்தக் கணக்கில் மருதுவின் பங்கும் உண்டு.

அடுத்தது, காகிதத்தின் வசை. சேராதவனை அது சபிக்கிறது. அவன் மீசையைப் பழிக்கிறது. அவன் மனைவியைப் பழிக்கிறது. பிள்ளைகளின் பிறப்பையே பழிக்கிறது. அந்த வரிகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க முடியாது. ஆண் கோழையானால் அதற்குப் பெண் ஏன் பழி சுமக்க வேண்டும்? வேலு நாச்சியாரிடம் ஊழியம் செய்தவர் கையெழுத்திட்ட காகிதத்தில் இது பொருந்தவே இல்லை.

மூன்றாவது குறைதான் பெரிது. ராஜாக்களுக்கு என்ன கிடைக்கும் என்று காகிதம் தெளிவாகச் சொல்கிறது. உழுகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லவில்லை. சோறு தண்ணீராகிவிட்டது என்று அழுத காகிதம், நாளைக்கு வரி எவ்வளவு என்று சொல்ல மறந்துவிட்டது.

ஆற்றங்கரை விவசாயி என்ன நினைத்திருப்பான்?

இந்த இடத்தில் தாமிரபரணியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நெல்லைச் சீமை முழுவதும் பாளையக்காரர் கையில் இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கிழக்கே கரிசல் காட்டிலும், மேற்கே மலை அடிவாரத்திலுமே பெரும்பாலும் பாளையங்கள் இருந்தன. ஆற்றுப் பாசன நஞ்சை நிலம் பெரும்பாலும் நேராகச் சர்க்காருக்கு வரி கட்டியது.

ஆனால் பாளையக்காரர்கள் அந்த ஊர்களிலும் "காவல்" என்று பணம் வசூலித்தார்கள். ஸ்தல காவல் என்று ஒன்று. தேச காவல் என்று ஒன்று. திருடு போகாமல் காக்கக் கூலி என்பது பேச்சு. கூலி கொடுக்காவிட்டால் வைக்கோல் போர் தப்பாது என்பது ஊருக்குத் தெரிந்த உண்மை.

இடையன்குடியில் வெகு காலம் வாழ்ந்த கால்டுவெல் 1881-ல் நெல்லைச் சரித்திரம் எழுதினார். பாளையக்காரர்கள் அடங்கியதும் சீமைக்கு அமைதி வந்தது என்பது அவர் கட்சி. அவர் வெள்ளைக்காரப் பாதிரியார். அந்தப் பக்கம் சாய்ந்து எழுதி இருப்பார் என்று தள்ளிவிடலாம். ஆனால் காவல் பணம் கட்டியவன் வயிற்றெரிச்சலைத் தள்ளிவிட முடியாது. முன்னோர் உரிமை திரும்பும் என்று மருதுவின் காகிதம் சொன்னால், காவல் பணமும் திரும்புமோ என்று அவன் கேட்டிருப்பான். நியாயமான கேள்விதான்.

இன்னொரு காகிதம்

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 1801 டிசம்பர் 1-ந் தேதி சென்னை கவர்னர் கிளைவ் பிரபு ஒரு காகிதம் வெளியிட்டார். கலகம் செய்தவர்களுக்குப் பொது மன்னிப்பு; நிரந்தரமான வரித் திட்டம் வரும்; ஆனால் ஆயுதங்களை எல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும், மறைத்து வைத்தால் மரண தண்டனை. இதுவே அதன் சாரம்.

சொன்னபடி 1803-ல் பாளையக்காரர்கள் சனது பெற்ற ஜமீன்தார்கள் ஆனார்கள். கம்பெனி தன் வார்த்தையைக் காப்பாற்றியது. ஆனால் யாருக்கு? இங்கேயும் ஜமீன்தாருக்குத்தான்! உழுகிறவன் ஜமீன் பிடியில் இருந்து சட்டப்படி விடுபட 1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வர வேண்டி இருந்தது.

இரண்டு காகிதங்களும் குடியானவனை மறந்தன. ஆனால் ஒரு வித்தியாசம். மருதுவின் காகிதம், ஆயுதத்தை எடு என்று மக்களை நம்பியது. கம்பெனியின் காகிதம், ஆயுதத்தைக் கீழே போடு என்று மக்களைக் கண்டு பயந்தது.

உலகத்தில் வேறு இடத்திலும் இந்த மாதிரி உண்டு. 1776-ல் அமெரிக்கர்கள் இங்கிலாந்துக்கு எதிராகச் சுதந்திரப் பிரகடனம் வெளியிட்டார்கள். மனிதர் எல்லோரும் சமம் என்றது அது. அதை எழுதிய ஜெபர்சனோ அடிமைகளை வைத்திருந்தார்! அதற்காக அமெரிக்கர்கள் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடவில்லை. எழுதியவர் நின்ற இடம் வரைக்கும், எழுதிய வாசகத்தைப் பிடித்துப் பின்னால் வந்தவர்கள் இழுத்துப் போனார்கள். அதையும் தாண்டிப் போனார்கள்.

கொடுத்த விலை

எழுதிய காகிதத்துக்கு மருதுகள் என்ன விலை கொடுத்தார்கள்?

செப்டம்பர் மாதம் கம்பெனி சிவகங்கைக்குத் தன் ஆளாக கௌரி வல்லபரை அரசர் ஆக்கியது. மருதுவின் பக்கம் இருந்தவர்கள் பலர் கரைந்தார்கள். அக்டோபர் 1-ந் தேதி காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் பெரிய மருதுவையும், சின்ன மருதுவையும் தூக்கில் போட்டார்கள். இது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். நவம்பர் 16-ந் தேதி ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கில் போட்டார்கள்.

1802 பிப்ரவரியில், எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பல் ஏற்றினார்கள். பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைசாமி. வயது பதினைந்து. அவர்களைத் தூத்துக்குடியில் காவல் காத்த அதிகாரி யார் தெரியுமா? சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றுக்கொண்ட அதே வெல்ஷ்! பல ஆண்டுகள் கழித்துப் பினாங்கில் அவர் துரைசாமியை மறுபடியும் சந்தித்தார். இளைஞனாகப் போனவன் தளர்ந்து, முதுமை தட்டிப் போய் நின்றான்.

நம் தீர்ப்பு

என்ன தீர்ப்புச் சொல்லலாம்?

நோய் இன்னது என்று மருது சரியாகச் சொன்னார். மருந்து பாதிதான் சரி. பழைய ராஜாக்களைத் திரும்பக் கொண்டுவருவது மக்களுக்கு விடுதலை ஆகிவிடாது. ஆனால் பிறரைச் சாகச் சொல்லிவிட்டுத் தான் ஓடி ஒளிந்தவர் அல்லர். அடைக்கலம் கொடுத்த வார்த்தையைத் தூக்குக் கயிறு வரைக்கும் காப்பாற்றினார். ஆகவே அது வெறும் பதவிக் கூச்சல் அல்ல. குறை இல்லாத வேதமும் அல்ல. ஒரு துணிந்த மனிதன், தன் காலத்துக் குறைகளோடு எழுதிய உண்மையான காகிதம்.

இன்று நம் வீட்டு வாசலுக்குக் காகிதங்கள் வருகின்றன. ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகின்றன. வந்ததும் நாலு கேள்வி கேளுங்கள். யார் எழுதியது? அவர் முன்பு என்ன செய்தார்? யாருக்கு என்ன கிடைக்கும் என்கிறது? யாரைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறது?

நாலாவது கேள்விதான் முக்கியம். காகிதத்தில் இருப்பதைப் படிக்க எழுத்துத் தெரிந்தால் போதும். இல்லாததைப் படிக்க, பக்கத்து வீட்டுக்காரரோடும் வீட்டில் உள்ளவர்களோடும் பேச வேண்டும்.

மருது பாண்டியரும் அதைத்தானே சொன்னார்? படி. நகல் எடு. நாலு பேருக்குச் சொல்லு.